நறவங்காட்டில் எஞ்சிய ஒரு முள்

மங்கலம் பெருகுக. மாமருதத்து அரியணை அமர்ந்து குடிபுரக்கும் கோ நெடுவேளர் திருவாய் மொழிந்தருள, முதலமைச்சர் கீரங்குமரன் எழுதியது. கடம்பாறை நாட்டுத் தலைவர் வல்லதரையர் கண்டு நடக்க. உம் நாட்டில் மழையும் விளைவும் குறையாதிருக்க. உம்மை வாழ்த்தும் வரி இவ்வோலையில் இல்லை.

உம் காடுகாவலன் கோடன் பதினாறு நாள் நடந்து அவைக்கு வந்தான். கூடையை இறக்கி, நாற்பத்திரண்டு இரும்பு முட்களை மன்னர் முன் கொட்டினான். குடிகள் யாவர்க்கும் பொதுவான நறவங்காட்டில், சந்தன மரங்களின் பக்கம் எவரும் அணுகாதபடி, நடைபாதைகளில் அவற்றைப் புதைக்கச் சொன்னவர் நீர். பன்றிக்கென்றீராம். பன்றிக்கல்ல என்றறிந்தும், பிழைப்புப் போய்விடுமென்று அஞ்சி அவன் புதைத்தானாம்.

கிழங்கு அகழப் போன மசணி என்பவள் ஒன்றை மிதித்தாள். வீட்டுக்குச் சுமந்து வந்தவன் கோடனே. இதைச் செய்தவன் நாசமாய்ப் போகவேண்டுமென்று அவள் தாய் அவனிடமே அழுதாளாம், அவனும் தலையசைத்தானாம். ஒன்பதாம் நாள் மசணி இறந்தாள். அடக்கம் முடிந்ததும் அவன் மண்வெட்டியோடு காட்டுக்குள் போனான்.

குற்றம் காவலன் தானாகச் செய்தது என்று நீர் விடுத்த ஓலை அவையில் படிக்கப்பட்டது.

"பொதச்சது எங் கை, சாமி. பொதைக்கச் சொன்னது அவரு வாயி. ரெண்டுக்கும் தண்டனை குடுங்க" என்றான் கோடன்.

முள் அடித்த உம் கொல்லனும் வரவழைக்கப்பட்டு, அடிக்கச் சொன்னவர் நீரே என்று சான்று பகர்ந்தான்.

பொதுக்காட்டில் மறைபொறி வைப்பார்க்குப் பத்தாண்டுச் சிறை. அதனால் உயிர் போயின் ஆயுட்சிறை. இவ்வாணையை உம் ஊரில் முரசறைந்து அறிவித்தபோது அருகில் நின்று கேட்டவர் நீர். உண்மை உரைத்தமையால் கோடனுக்குப் பத்தாண்டு விதிக்கப்பட்டது. வணங்கி ஏற்றவன், நகராமல் நின்றான். கொட்டிய நாற்பத்திரண்டில் மசணியைத் தைத்ததும் அடக்கம் என்றும், புதைத்தவை நாற்பத்துமூன்று என்றும், வைத்த அடையாளங்களை மழை அடித்துப்போனதால் ஒன்று மட்டும் அகப்படவில்லை என்றும் சொல்லி, அவையில் அப்போதுதான் அழுதான்.

ஆதலால், உம் தலைமை இன்றோடு நீங்கிற்று. உமக்கு ஆயுட்சிறை. அதற்குமுன், அந்த ஒரு முள் அகப்படும்வரை குடிகள் நறவங்காட்டுக்குள் போகலாகாது, நீர் போகவேண்டும். காடு அடைபட்ட நாளெல்லாம் மசணியின் தாய்க்கும் அண்டைக் குடிகளுக்கும் உம் களஞ்சியம் சோறிடும். நீர் செருப்பின்றி முன்னே நடந்து, கையால் மண் துழாவித் தேடுக. பின்னே கோடன் வருவான். தனக்கும் செருப்பு வேண்டாமென்று அவன் கேட்டான், மன்னர் இசைந்தார்.

கண்ட நாழிகையே புறப்படுக. இது கோவின் ஆணை, இலச்சினை இடப்பட்டது.