குவைத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் நடுவில் ரெண்டரை மணி நேரம்

என் நைனா,

கல்லறைத் திருநாளன்று உனக்கு மெழுகுவத்தி ஏற்றும்போதே சொல்லியிருப்பேன். பக்கத்தில் உன் மாப்பிள்ளை நின்றிருந்தார். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ ஆவடி லைனில் டிக்கெட் பரிசோதகர். ஏறின இடம், இறங்கின இடம், நேரம் மூன்றையும் கேட்டே ஆளைப் பிடித்துவிடுவாய். மாப்பிள்ளையை மட்டும் விடுவாயா? குவைத்திலிருந்து அவர் முதல் லீவில் வந்தபோது உலகப்படத்தில் நூல் வைத்து அளந்தாய். நாலாயிரம் கிலோமீட்டர், பிளேன் போகிற வேகத்துக்கு அஞ்சு மணி நேரம் என்றாய். அங்கே ராத்திரி பத்துக்கு ஏறினவர் மூன்று மணிக்கு மீனம்பாக்கத்தில் இறங்கியிருக்கணும். அவரோ ஐந்தரைக்கு இறங்கினேன் என்றார். ஏர்போர்ட்டுக்கு யாரும் வர வேண்டாம் என்று வேறு சொல்லியிருந்தார்.

"ரெண்டரை மணி நேரம் எங்கம்மா பூட்டான்? வர்ற வழில வானகரத்துல எவ ஊட்ல குந்திகினு இருந்தான்?" என்றாய். கண் மூடுகிறவரை அதையே கேட்டாய். ஏன் நைனா, அந்தச் சந்தேகத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போனாய்? அதற்கப்புறம் ஒவ்வொரு லீவிலும் அவர் சட்டையை மோந்து பார்த்திருக்கிறேன்.

இந்த முறை வந்தவர் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைக்க மறந்துவிட்டார். நம் சுவர்க் கடிகாரத்துக்கு ரெண்டரை மணி நேரம் பின்னால் ஓடியது. கேட்டதற்கு, "அது குவைத் டைம்டி. அங்க லேட்டாத்தான் விடியும்" என்றார். ரயிலுக்கு நாடு முழுக்க ஒரே கடிகாரம். அந்த நினைப்பிலேயே பிளேனுக்கும் கணக்குப் போட்டுவிட்டாய். அங்கே மூன்று மணி என்றால் இங்கே ஐந்தரை. வானகரத்தில் எவளும் இல்லை நைனா.

அதோடு சந்தோஷமாக இருந்திருக்கலாம். உன் ரத்தமாச்சே, திரும்பிப் போகிற கணக்கையும் போட்டுப் பார்த்தேன். இங்கே காலை பத்துக்கு ஏறினால் நம் நேரம் மூன்றுக்கு இறங்கணும். அங்கே அப்போது பன்னிரண்டரைதான். அவரோ அந்த ஊர் நேரம் மூன்றுக்கு இறங்குவதாகத்தான் எப்போதும் சொல்லுவார். உன் தப்புக் கணக்குக்கு அது சரியாக வந்ததால் நீ அதைக் கேட்கவே இல்லை. அப்படியென்றால் அந்த ரெண்டரை மணி நேரம் எங்கே?

கேட்டேவிட்டேன். சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

"இறங்கினதும் கம்பெனி வேன் ஏற மனசு வராதுடி. ஏர்போர்ட்லயே ஒரு ஓரமா குந்திகினு இருப்பேன். அழுது முடிச்சிட்டுத்தான் கேம்புக்குப் போவேன். இத்த உங்க நைனாகிட்ட எப்டி சொல்றது?"

நம்பலாமா? நீயாக இருந்தால் எந்த ஓரம் என்று கேட்டிருப்பாய். நானும் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து கிளம்புகிறார். வேண்டாம் என்றாலும் மீனம்பாக்கம்வரை போவேன். அவர் அங்கே இறங்குகிற நேரம் நம் திருமுல்லைவாயில் வீட்டில் மணி மூன்று. அன்றைக்கு மூன்றிலிருந்து ஐந்தரைவரை நானும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பேன். அவரைத் தனியாக அழ விடமாட்டேன் நைனா, உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உன்னைப் போலவே எதையும் லேசில் நம்பாத உன் மகள்,
ஸ்டெல்லா