இருபத்திரண்டு மணி நேரம்

அன்புள்ள அப்பாவுக்கு, மெல்போர்னிலிருந்து ஃபோட்டிஸ் வணக்கத்துடன் எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா? நான் நலம், ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்.

அம்மாவின் அடக்கத்துக்கு ஏன் வரவில்லை என்று நீங்கள் இதுவரை கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முடியாமல் போனதும் கிளம்பி, அன்று விமான நிலையத்தில்தான் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண், "ஏதென்ஸுக்கு இருபத்திரண்டு மணி நேரம் ஆகும் சார். ஆனா இன்னைக்கு சீட்டே இல்ல, நாளைக்குத்தான்" என்றாள். அந்த நேரம்தான் நீங்கள் போன் செய்தீர்கள். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது.

"புள்ள ஏறிட்டானான்னு கேளுங்க."

"ஏறிட்டேன்பா, உக்காந்தாச்சு" என்று பொய் சொன்னேன்.

"அப்ப வாசக்கதவப் பூட்டிராதீங்க" என்றாள் அம்மா.

மறுநாள் எனக்கு சீட் கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நாற்பதாம் நாள் கோதுமைப் படையலில் என் பங்கைத் தங்கை டெஸ்பினாவிடம் கொடுங்கள். அம்மாவின் பழுப்பு ஸ்வெட்டரைத் துவைக்காமல் எனக்கு அனுப்புங்கள்.

அன்றிரவு முழுக்க அம்மா "எங்க வந்திருக்கான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். "கடல் மேல வர்றான், பாலைவனத்தத் தாண்டிட்டான்" என்று நீங்களும் சொல்லிக்கொண்டே இருந்தீர்களாம். டெஸ்பினா சொன்னாள்.

அப்பா, கடைசியாக அவள் கேட்டபோது, நான் எங்கே வந்துவிட்டதாகச் சொன்னீர்கள்?

வேலைக்கு நேரமாகிவிட்டது.

ஃபோட்டிஸ்