கல் கட்டாத கயிறு

சுருட்டை மாமா,

நலமா என்று கேட்டு எழுதக் கை வரவில்லை. வீட்டில் நானும் மகளும் இருக்கிறோம். நேற்றுதான் அவள் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நான் படித்தது நாலாம் வகுப்புதான்.

உன் தம்பி படகுக்குப் புதுப் பாய்மரம் வந்துவிட்டது. அதற்குக் கயிறுகளை நான்தான் செய்துதர வேண்டுமாம். "வேற யார் கட்டினாலும் ஏற மாட்டேன் அண்ணி" என்று என் கயிற்றுப் பட்டறை வாசலில் உட்கார்ந்துவிட்டான். எனக்கோ கயிற்றைத் தொடவே மனம் வரவில்லை.

மரம் தானாக நிற்பதில்லை என்று உனக்கா சொல்ல வேண்டும்? முன்னும் பின்னும் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று என்று நாலு கயிறு இழுத்துப் பிடிப்பதால்தான் நிற்கிறது. காற்று வரும் பக்கத்துக் கயிறு தளர்ந்தால் மரம் போச்சு. புதுக் கயிறு இழுவையில் நீளும். அதனால் ஒரு பகல் முழுக்கக் கல் கட்டித் தொங்கவிட்டு, நீளுகிற மட்டும் நீண்ட பிறகே மாட்டுவேன்.

நீ கடைசியாகக் கடலுக்குப் போன அன்றைக்கு, புது இடப்பக்கக் கயிற்றுக்கு அப்படிச் செய்யவில்லை மாமா. முந்தின நாள் பட்டறையில் எல்லார் முன்னாலும், "இவ முடிச்சும் இவ மூக்கு மாதிரியே கோணல்" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். வீம்பு பிடித்துப் பேச்சை நிறுத்தினேன்; நீயும் கோபித்துக்கொண்டாய். காலையில் நீ அவசரப்பட்டாய். கல் கட்டாமலே மாட்டிக் கொடுத்தேன். "கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு தரம் இறுக்கிக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீயே முதலில் பேசட்டும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

உன்னோடு அன்று படகில் இருந்தவன் உன் தம்பி. இதை அவனிடம் நேற்று சொல்லிவிட்டேன். திட்டுவான் என்று பார்த்தேன். அவனோ, "கயிறு தொய்யுதுன்னு நான் சொன்னேன் அண்ணி. 'அவ கட்டினதுடா, பிடிக்கும்'னு அண்ணன் சிரிச்சாரு. அப்புறம்தான் மரம் சாஞ்சு அவர் தலைல விழுந்துச்சு" என்றான்.

நாலு கயிற்றிலும் இன்று காலை கல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். நாளை அவனோடு நானே போய் மாட்டி, கொஞ்ச தூரம் போனதும் இறுக்கிக்கோ என்று வாய்விட்டுச் சொல்லியும் அனுப்புவேன். அவன் நல்லபடியாகக் கரை திரும்ப வேண்டும். அவனை நீ பார்த்துக்கொள்.

என்னைத் தேற்றுவதற்காக அவன் இல்லாததைக் கட்டிச் சொல்லக்கூடியவன்தான். நிஜமாகவே அப்படிச் சொன்னாயா மாமா? என் மேல் கோபம் போய்த்தான் சிரித்தாயா?