ஒரு ஆள் சோறு

அக்கா,

இன்று காலை குப்பைக்கூடையைத் திறந்தபோது ஊசிப்போன சோற்று வாடை முகத்தில் அடித்தது. கீழ்வீட்டுக் கூடையில் ஒரு பெரிய கிண்ணம் அளவு வெள்ளைச் சோறு. சந்தேகம் வந்து மாடிக்கு ஏறிப் போய் அங்கிருந்த கூடையையும் திறந்தேன். அங்கேயும் அதே அளவு, ஃபிரிஜ்ஜில் மூன்று நாள் குளிர்ந்து கிடந்துவிட்டுக் கூடைக்கு வந்த சோறு. கீழே சமைப்பவள் என் மருமகள், மேலே சமைப்பவள் உங்கள் மருமகள். இரண்டு பேரையும் நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்பது என்று படியிறங்கினேன். பாதிப் படியில் உங்கள் நினைவு வந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இதே சித்தூர் வீட்டில், அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்த நாம் இரண்டு பேரும் தனித்தனி அடுப்பு மூட்டிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ஆந்திரா தனி மாநிலமாகி, சித்தூர் எந்தப் பக்கம் என்று ஊரே வாதாடிக்கொண்டிருந்தது. உங்கள் வீட்டுக்காரர் சித்தூர் மதராஸோடுதான் சேரவேண்டும் என்பார். சேராவிட்டால் வேலூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போய்விடுவதாக மனுவும் எழுதி வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீசில் தெலுங்கில் எழுதப் பழகிவிட்டவர். வேலை இருக்கிற ஊரை விட்டு எங்கே போவது என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேச்சு முற்றி, பெரியவரான உங்கள் வீட்டுக்காரர் பாதிச் சாப்பாட்டில் கையை உதறிக்கொண்டு எழுந்தார். மறுநாளே பின்கட்டில் உங்கள் அடுப்பு புகைந்தது.

எனக்கு அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். திருப்பதியில் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவள். இந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே துணை நீங்கள். நீங்கள் வேலூருக்குப் போய்விட்டால் என்ன செய்வேன் என்ற பயத்திலேயே ஒவ்வொரு நாளும் விடிந்தது.

நம் மாமனார் மட்டும் எந்த அடுப்புக்கும் சேராமல் நடுவில் நின்றார். சபையில் மூப்பர். பிரசங்கம் என்றால் மடமடவென்று கொட்டுவார். ஆனால் இன்றைக்கு எந்த மருமகளிடம் சாப்பிடுவார் என்பதை மட்டும் வாய் திறந்து சொல்லமாட்டார். வேளை வந்ததும் கால் போன பக்கம் போய் உட்காருவார். நம்மிடம் வந்து உட்கார்ந்தவருக்குச் சோறு இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? அவருக்கென்று நீங்களும் வடித்தீர்கள், நானும் வடித்தேன். தினமும் ஒரு பக்கத்தில் ஒரு ஆள் சோறு மீந்தது.

மீந்ததில் தண்ணீர் ஊற்றிப் பழையதாக வைத்திருக்கலாம்தான். ஆனால் காலையில் பானை நிறையப் பழையதைப் பார்த்தால், "நைனா அந்தப் பக்கமா துன்னாரு?" என்று தன் அப்பாவைச் சொல்லி என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிடுவார். அக்கம்பக்கத்தில் கொடுத்தால் இந்த வீட்டுச் சங்கதி தெருவுக்குப் போய்விடும். அதனால் விடியும் முன் எழுந்து, முருங்கை மரத்தடி எருக்குழியில் கொட்டி மேலே சாம்பலைத் தூவிவிடுவேன். சண்டை வராமல் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

அப்புறம் அந்தக் குடும்ப ஜெபம். ஐந்து அப்பத்தில் ஐயாயிரம் பேர் சாப்பிட்ட கதையை மாமா எடுத்தார். அத்தனை பேருக்கும் போட்ட ஆண்டவரே மீந்த துண்டுகளைப் பொறுக்கச் சொல்லிப் பன்னிரண்டு கூடை சேர்த்தார், நாம் எம்மாத்திரம் என்றார். வீட்டில் இருக்கிற எதுவும் நம்முடையது அல்ல, நாம் வெறும் பொறுப்புக்கு வைத்த உக்கிராணக்காரர்கள், ஒப்படைத்தவர் ஒருநாள் வந்து கேட்பார் என்று முடித்தார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நான் தரையைப் பார்த்தபடி இருந்தேன். எதிரில் நீங்களும் தலை நிமிரவில்லை. பக்தி என்று நினைத்தேன்.

மறுநாள் விடியற்காலை சட்டியோடு போனால், குழியருகே உங்கள் கையிலும் ஒரு சட்டி. ஒருவர் சட்டியை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நீங்கள் சிரித்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். அப்படியே குந்தி அழுதீர்கள். "புத்தூருல எங்க நைனா மழ இல்லாத வருசம் கேவுரு கூழையே ரெண்டு வேள குட்ச்சிக்கினு இருந்தாரு. நான் இங்க நெல்லுச் சோத்த குழில கொட்டிக்கினு கீறேன்" என்றீர்கள்.

மாமாவிடம் சொல்லவேண்டாம், விஷயம் பெரிதானால் நீங்கள் போய்விடுவீர்கள் என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தீர்கள். போனால் போவோம், சோற்றைக் கொட்டித்தான் சேர்ந்து இருக்க வேண்டும் என்றால் அந்தச் சேர்க்கை எதற்கு என்று கேட்டுவிட்டு நேரே வாசலுக்கு நடந்தீர்கள். மாமா முகம் கழுவிக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் நான் ஒளிந்து நின்றேன்.

"மாமா, நம்ம எருக்குழில தெனம் ஒரு ஆளு சோறு போவுது. அது உங்க பங்கு. எங்க துன்னப் போறீங்கன்னு காலையிலயே சொல்லிடுங்க. ஒப்படைச்சவரு வந்து கேட்டா, நாங்க ரெண்டு பேரும் உங்களத்தான் கைகாட்டுவோம்."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று மத்தியானம் கோபித்துக்கொண்டு எந்தப் பக்கமும் சாப்பிடவில்லை. ஆக அன்றைக்கு இரண்டு ஆள் சோறு மீந்தது. நாம் அதைக் கொட்டவில்லை. தண்ணீர் ஊற்றி, யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று எல்லோர் கண்ணிலும் படும்படி முற்றத்தில் வைத்தோம். காலையில் மாமாவே அதில் ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்தார். பிறகு முற்றத்தின் நடுவில் நின்று, கோயிலில் அறிவிப்பு வாசிக்கிற அதே குரலில், "இன்னிக்கு பெரியவ வூட்ல" என்றார். மகன்கள் இருவரும் திகைத்து நின்றார்கள். அதுவரை வாயைத் திறக்காததற்குக் காரணத்தை வெகுநாள் கழித்துத்தான் சொன்னார். ஒருத்தி பேரைச் சொன்னால் மற்றவள் பக்கத்தை வெறுத்ததாக ஆகிவிடுமே என்று பயந்தாராம்.

பாதிப் படியில் உட்கார்ந்திருந்தபோது நினைவு இந்த இடத்துக்கு வந்தது. கூடைகளில் கிடந்தது யார் சோறு என்று அப்போதுதான் உறைத்தது. கீழே கேட்டாலும் மேலே கேட்டாலும் "பார்க்கலாம்மா" என்று சொல்லிவிட்டு, வேளை வந்ததும் கால் போன பக்கம் போகிறவள் நான்தான். இரண்டு மருமகள்களுக்கும் நல்லவளாக இருக்க ஆசை. மாமா பயந்ததைக் கேட்டுச் சிரித்த நாமே இப்படி ஆகிவிட்டோம், அக்கா. நாமே என்ன, நான். நீங்கள் இருந்திருந்தால் இதற்குள் என்னைப் பிடித்து உலுக்கியிருப்பீர்கள்.

எழுந்து போய் இரண்டு பேரையும் கூப்பிட்டேன். திட்டுவதற்கு அல்ல. வீணாய்ப் போனது என் பங்கு, குற்றமும் என்னுடையது என்று சொன்னேன். இனிமேல் ஒரு நாள் கீழே, ஒரு நாள் மேலே. தவறி மீந்தால் அது என் காலைச் சாப்பாடு, அதை மறைக்கக்கூடாது. உங்கள் மருமகள், வயசான காலத்தில் பழையது எதற்கு என்று முணுமுணுத்தாள். என் பல்லுக்கு அதுதான் வசதி என்று சொல்லிவிட்டேன். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. எனக்கும் ஒருநாள் கேள்வி வரும்.

அந்த இரண்டு அடுப்பும் கொஞ்சநாளில் ஒன்றானது, சித்தூர் ஆந்திராவோடுதான் என்று எல்லை முடிவானபோதும் பெரியவரின் மனு பெட்டியிலேயே கிடந்தது, எல்லாம் நீங்கள் அறிந்ததே. அதற்குப் பிறகு ஒரு நாள் தவறாமல், உலை வைக்குமுன் என்னிடம் ஆளை எண்ணச் சொல்லிவிட்டுத்தான் அரிசியில் கை வைப்பீர்கள். வேலூர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதையே கேட்டீர்கள். "வூட்ல இன்னிக்கி எத்தினி பேரு?"

ஏழு பேர் என்றேன்.

"என்னயும் சேத்தா?"

ஆமாம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டீர்கள். "என்ன உட்டுட்டு எண்ணு."

அன்று பஸ் பிடித்து வந்து ஏழு பேருக்கே உலை வைத்தேன். உங்கள் பேச்சை நான் கேட்காமல் போனது அந்த ஒரு தடவைதான். மீந்த சோற்றை மறுநாள் காலை உப்புப் போட்டுக் கரைத்து, ஒரு பருக்கை விடாமல் நானே குடித்தேன். அதற்கு இரண்டாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

இன்றும் இரண்டு சமையலறையிலும் நின்று நானே ஆளை எண்ணிச் சொன்னேன். உங்களை விட்டுவிட்டுத்தான் எண்ணுகிறேன், அக்கா. ஆனால் ஒவ்வொரு முறையும் முதலில் உங்களைச் சேர்த்து எண்ணிவிட்டு, அப்புறம்தான் கழிக்கிறேன்.