காலி மேடைக்கு வந்தவர்கள்

நவம்பர் 17, ஞாயிறு

திருச்சானூர் தாயார் கோயிலில் கச்சேரி மேடை காலியாகக் கிடந்தது. அதன் எதிரே வேலூரிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் பையோடு நின்றார்கள்.

"இன்னிக்கி நாதஸ்வரம்னு இன்டர்நெட்ல போட்டுக்கிதே" என்றார் அவர்.

பூக்காரம்மா சிரித்தாள். "பிரம்மோற்சவத்துக்கு இன்னும் ரெண்டு வாரம் கீது சார். தாயாரு இன்னா, இங்கிலீஷ் தேதி பாத்துக்கினா வருவாங்க?"

அந்தத் தேதியைப் போட்டவள் நான்தான். அண்ணன் தொடங்கிய கச்சேரி வெப்சைட்டுக்காகப் போன வருட உற்சவ நோட்டீஸைப் பார்த்து, பிரவுசிங் சென்டரில் அப்படியே டைப் செய்தேன். திதிப்படி வரும் விழாவுக்குத் தேதி வருடா வருடம் மாறும் என்று தோன்றவே இல்லை. அவர்களுக்கு வேலூர் பஸ் நிற்கும் இடத்தை மட்டும் காட்டிவிட்டு வந்தேன்.

வெப்சைட்டை ஒருவரும் பார்ப்பதில்லை, மூடிவிடலாம் என்று அண்ணன் நேற்றுத்தான் சொன்னான். பார்த்திருக்கிறார்கள் என்று நாளைக்குச் சொல்ல வேண்டும். எப்படித் தெரியும் என்று கேட்பானே.