வால் லாசாலில் செய்தது

உன் பெட்டியைத் திறந்ததும் பெயிண்ட் கரைக்கும் தின்னர் மணம் மூக்கில் ஏறியது. செயின்ட்-மிஷேலில் உன் அறைக்கதவு திறக்கும்போதெல்லாம் வந்த அதே மணம். உள்ளே பழைய துவாயில் சுற்றியபடி, நீ ஒட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் விமானம். கையளவு நீளம். ஜெர்மன்காரனின் போர்விமானம். சிறகும் உடலும் முடிந்திருந்தன. வாலுக்கு மட்டும் நீ நிறம் அடிக்கவில்லை. அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பி வரவில்லை.

நீ இப்படியொன்று ஒட்டுவதை முதன்முதல் பார்த்தபோது நான் உன்னைத் திட்டினேன். புவாண்ட்-கிளேர் கிடங்கில் என்னோடு நாள் முழுக்கப் பெட்டி தூக்கி முறிந்துவிட்டு, வீட்டில் வந்து நாஜி விமானம் ஒட்டுகிறாயே, வெட்கமில்லையா என்று கேட்டேன்.

"ஊரிலை எங்கடை தலைக்கு மேலை குண்டு போட வந்ததுகளின்ரை வயித்தை மட்டும்தானேடி பாத்தனாங்கள். எனக்கு முதுகைப் பாக்கோணும். எங்கை செய்தது, ஆர் செய்தது எண்டு தெரியோணும்."

"அது வேற பிளேன், விசரி. உது ஜெர்மன்காரன்ரை."

"ஓம். இதுக்குத்தானே படங்கள் கிடைக்குது. எங்கடையளுக்கு ஆர் படம் எடுத்தது? பங்கருக்குள்ளை எல்லோ கிடந்தனாங்கள்."

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மேலே சாம்பல், கீழே வெளிர்நீலம். "கீழை நிக்கிற சனத்துக்கு எப்பவும் நீலத்தைத்தான் காட்டுவாங்கள்" என்றாய். சிறகின் முன்விளிம்பில் இந்த இரண்டு நிறமும் சேரும் கோட்டை ஒரு தொழிற்சாலை நேராக இழுத்திருக்கும், இன்னொன்று அலையாக விட்டிருக்கும். உடலின் பக்கவாட்டில் தெளித்த புள்ளிகளும் சிலுவைக் குறியின் தடிப்பும் இடத்துக்கு இடம் மாறும். பழைய படங்களைப் பெரிதாக்கி, இது லைப்சிக்கில் செய்தது, இது ரேகன்ஸ்பர்க்கில் செய்தது என்று பிரிப்பாய். போரின் கடைசியில் வேலை சின்னச் சின்னப் பட்டறைகளுக்குச் சிதறியதாம். வால் ஓரிடத்தில், உடல் ஓரிடத்தில். நிறம் ஒத்துப்போகாத வாலைக் கண்டுவிட்டால் உனக்கு ஒரே புழுகம், சந்தோசத்தில் துள்ளுவாய்.

மாதிரி விமானக் கண்காட்சிக்கு நீ கொண்டுபோன முதல் விமானம் நினைவிருக்கிறதா? எல்லாரும் தங்கள் விமானத்துக்கு முன்னால் வைத்த அட்டையில் அதை ஓட்டியவனின் பெயரை எழுதியிருந்தார்கள். நீ தொழிற்சாலை இருந்த ஊரை எழுதி, கீழே பிரெஞ்சில் 'பொருத்தியவர்கள்: முகாம் கைதிகள்' என்று போட்டாய். அமைப்பாளர் வந்து, இங்கே அரசியல் வேண்டாம் மடாம், நாங்கள் நிறத்தைத்தான் பார்க்கிறோம் என்றார். "நானும் நிறத்தைத்தான் பாத்தனான்" என்று அவருக்கு விளங்காத தமிழில் சொல்லிவிட்டு, விமானத்தைத் துவாயில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாய். மெட்ரோவில் நான்தான் கத்திக்கொண்டு வந்தேன். நீ சிரித்தாய். "பேந்து இன்னொண்டோடை வாறன். அவருக்கு அலுக்குமட்டும் வருவன்."

அந்த இன்னொன்றுதான் பெட்டியில் கிடந்தது. அட்டையும் எழுதியே வைத்திருந்தாய்.

லாசாலில் என் சமையலறை மேசையில் வைத்து வாலுக்கு நானே நிறம் அடித்தேன். கறுத்துப்போனது. ஓரத்தில் வழிந்தும் விட்டது. போன ஞாயிறு கண்காட்சிக்கு அப்படியே கொண்டுபோனேன். அதே அமைப்பாளர். அட்டையை எடுக்கச் சொன்னார். அட்டை போனால் விமானமும் போகும் என்றேன். இந்தமுறை துவாயை எடுக்கவில்லை, மேசையை விட்டு நகரவும் இல்லை. பின்னால் வரிசை நீண்டது. போட்டியில் சேர்க்க முடியாது, வேண்டுமானால் கோப்பி மேசைக்குப் பக்கத்தில் வையுங்கள் என்றார்.

விசரன். கோப்பி குடிக்காமல் யார் போவார்கள்? பின்னேரம் முழுக்க ஆட்கள் கோப்பையும் கையுமாக நின்று உன் அட்டையை வாசித்தார்கள். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். ஒரு பெண் அந்தக் கைதிகளைப் பற்றி எங்கே படிக்கலாம் என்று கேட்டாள். ஒரு கிழவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"வால் வேறு பட்டறையில் செய்ததுதானே?"

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு பிரெஞ்சில்: "லாசாலில்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். நானும்தான்.

இப்போது கிடங்கில் ஒவ்வொரு பெட்டியையும் தூக்கும்போது எந்த ஊரிலிருந்து வந்தது என்று புரட்டிப் பார்க்கிறேன். மேற்பார்வையாளன் முறைக்கிறான், முறைக்கட்டும். உன் பெட்டியின் அடியில் நீ இன்னும் உறை பிரிக்காத, ஒட்டத் தொடங்காத விமானம் ஒன்று இருந்தது. நேற்றுப் பிரித்தேன். என் சமையலறையில் இப்போது உன் அறையின் மணம்.