முக்காலி செய்த போணி

அட்டன்,
12.6.1959

அன்பு மகள் சண்முகவடிவுக்கு, பெற்றவன் இல்லாவிட்டாலும் உன்னைத் தோளில் சுமந்து வளர்த்த சித்தப்பன், மலைநாட்டு மரச்சாமான்களின் மகாவைத்தியன் பொன்னையா எழுதிக்கொண்டது. இங்கே நானும் சித்தியும் மழையில் நனைந்த விறகாகப் புகைந்துகொண்டு நலமாகவே இருக்கிறோம், திருகோணமலை வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் கருகாமல் இருக்க முருகன் துணை.

தோட்டத்துத் தச்சுவேலையை விட்டு இஸ்ஸதீன் முதலாளியின் துணிக்கடைக்குப் பக்கத்து அறையை வாடகைக்குப் பிடித்து, பழைய மேசை நாற்காலிகளைப் புதுசாக்கிக் கொடுக்கிறேன் அல்லவா, வேலைக்குக் கை வந்தது, விலை சொல்லத்தான் வாய் வரவில்லை. காலையில் முதலில் வருகிறவர்தான் போணி, அவர் கேட்ட விலைக்கே செய்வேன், போணியைத் திருப்பி அனுப்பினால் லட்சுமி கோபிப்பாள் என்று சக்கரவர்த்தி மாதிரி அறிவித்துவிட்டேன். அவ்வளவுதான், கோழி கூவுமுன்னே அட்டனிலுள்ள நொண்டி அலுமாரியெல்லாம் வாசலில் வரிசை கட்டின. சோலைமலைக் கிளாக்கர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, யானை படுக்கும் கட்டிலோடு வந்து, பொன்னையாண்ணே நாந்தான் போணி, ஒன்னரை ரூபா வச்சுக்கங்க என்றார். பாலிஷ் அரக்குக்கே மூன்று ரூபாய்! மற்றவர்கள் முழு விலையா தருவார்கள், நாளைக்கு வெள்ளென வர்றோம் என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த மாத வாடகை இல்லையென்றால் உளியோடு போய்த் தோட்டத்துப் பெரிய கணக்கப்பிள்ளை முன்னால் தலையைச் சொறிய வேண்டியதுதான் என்று சித்தி காதைக் கடித்தாள்.

மறுநாள் இருட்டோடு பார்க்கிறேன், அடுப்படி முக்காலியைத் தூக்கிக்கொண்டு உன் சித்தி வரிசையின் முன்னால் நிற்கிறாள், கண்டறியாதவள் மாதிரி, என்னங்க, கால் ஆடுது, அஞ்சு சதந்தான் தருவேன் என்கிறாள். வீட்டு ஆளெல்லாம் போணியா, அநியாயம் என்று கிளாக்கர் குதித்தார். அப்ப வீட்டுக்காரி கை ராசியில்லைங்கிறீங்களாய்யா என்று கேட்டாள் பார், கிளாக்கர் கம்பளிக்குள்ளேயே மறைந்துபோனார். அன்று முதல் தினமும் அந்த முக்காலிதான் போணி. இழைத்து இழைத்துப் பாலிஷ் போட்டதில், அதைப் பார்த்துத்தான் சவரம் செய்கிறேன், உட்கார்ந்தால் வழுக்கித் தலவாக்கலையில் போய் விழலாம்.

போன வாரம் நுவரெலியாவிலிருந்து ஒரு காண்டிராக்டர் வீட்டம்மா இஸ்ஸதீன் கடைக்குச் சேலை எடுக்க வந்தவர் முக்காலியைக் கண்டு மயங்கி, எங்க சாப்பாட்டு மேசையையும் பன்னிரண்டு நாற்காலியையும் இப்படியே மினுக்கித் தர என்ன கேப்பீங்க என்றார். என் நாக்கு வழக்கம்போல் மடங்கிக்கொண்டது. உள்ளேயிருந்து சித்தி, நூத்தம்பதும்மா, பாதி முன்பணம் என்றாள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா பையைத் திறந்து எழுபத்தைந்தை எண்ணி வைத்தார் மகளே! வாடகை போக மீதியில் இரண்டு படி அரக்கு! கேட்ட விலை தர்றேன், அந்த முக்காலியையும் குடுங்க என்றதற்கு மட்டும் சித்தி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அப்ப நாளைக்கு வெள்ளென நான் எதைத் தூக்கிட்டு வர்றது என்று கேட்டாள்.

நீங்கள் இருவரும் தேக்கு மாதிரி வைரம் பாய்ந்து வாழ ஆசீர்வாதம். தீபாவளிக்கு வரும்போது உன் ஆடும் கட்டிலையும் கொண்டு வா, ஆனால் விடிந்த பிறகு வா, விலையைச் சித்தியிடம் கேள்.

இப்படிக்கு,
விலை சொல்லும் பொறுப்பிலிருந்து விடுதலை பெற்ற
சித்தப்பா பொன்னையா